ஆக்சிஜன் இல்லாதபோது மீனின் இதயமும் ஆமையின் இதயமும் எப்படிச் சமாளிக்கின்றன?

2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தனவே, ஆமையாக இருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ம ஊர் ஏரியில் ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொள்ளும், அதில் அதிசயமில்லை. வட அமெரிக்காவில் உறைந்த குளத்துக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் வண்ண ஆமைதான் அதிசயம்.

ஆக்சிஜன் நின்றால் பெரும்பாலான மீன்களின் இதயம் சர்க்கரையை அவசரமாக உடைத்து ஆற்றல் தேடும். லாக்டிக் அமிலம் சேரும், கையிருப்பு தீரும், கதை முடிந்தது. ஆமையோ அடுப்பையே தணித்துவிடுகிறது. சர்க்கரையை உடைக்கும் பாதையிலுள்ள பைருவேட் கைனேஸ் போன்ற நொதிகளில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, அவற்றின் வேகம் குறைகிறது. அந்தக் குளிரில் இதயம் நிமிடத்துக்கு ஒருமுறை துடித்தாலே அதிகம். அப்படியும் சேரும் அமிலத்தை ஓட்டிலுள்ள கார்பனேட் சமன்செய்கிறது. ஓடு வெறும் கவசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மீன்களிலும் ஒரு கில்லாடி உண்டு: ஐரோப்பாவின் குரூசியன் கெண்டை. ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் அதன் இதயம் நாள்கணக்கில் வழக்கம்போல ரத்தம் இறைக்கும். லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்) தசைகள் வாங்கி எத்தனாலாக மாற்ற, அது செவுள்வழியே தண்ணீரில் கலந்துவிடும். சாராயம் காய்ச்சிப் பிழைக்கும் மீன்!