டார்ஜிலிங் மலை ரயிலின் 'பி' வகுப்பு எஞ்சின் என்றால் என்ன? அவ்வளவு சின்ன எஞ்சின் மலை ஏறுவது எப்படி?

இரண்டே அடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் நான்கு சக்கர நீராவி எஞ்சின்தான் 'பி' வகுப்பு. டார்ஜிலிங் வரை பாதை திறந்தது 1881-இல். முதலில் வந்த எஞ்சின்களுக்கு இன்னும் இழுவை வேண்டியிருந்தது. அதனால் 1889-இல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டீவர்ட் நிறுவனம் இதைக் கட்டிக் கொடுத்தது. பின்னர் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனமும், மலைப்பாதையிலேயே உள்ள திந்தாரியா பணிமனையும்கூடச் சில கட்டின. மொத்தம் 34.

சரி, ரகசியம் எங்கே? எடையில். சேற்றில் டிராக்டர் சக்கரம் வழுக்கினால், பின்னால் நாலு பேரை ஏறி நிற்கச் சொல்வோம் இல்லையா? பாரம் அழுத்தினால் பிடி கிடைக்கும். இந்த எஞ்சினில் தண்ணீர்த் தொட்டி, கழுதை முதுகில் பொதி போட்டதுபோல, கொதிகலனுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிலக்கரியும் எஞ்சின் மேல்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற சக்கரங்கள் என்பதால் மொத்த எடையும் பிடிமானமாகிறது. அப்புறமும் ஈரத்தில் வழுக்கும். அதற்காக முன்பக்கம் இருவர் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

ஊட்டி ரயில்போல இதற்கும் பல்சக்கரம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது, 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையம் வரை வெறும் வழவழப்பான தண்டவாளத்தில்தான் ஏறுகிறது.