டிப்பர் பாடி தூக்குனா ஒரு பக்கமா சாயுது, தானா இறங்குது, ஓட்டலாமா?

தேவகோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, மாமாகிட்டேர்ந்து பழைய ஆறு சக்கர டிப்பர் வாங்கி ஓட்டுறேன். கண்மாய் மண்ணு, கிராவல், அப்பறம் பழைய வீடு இடிக்கிற எடத்துல கல்லு காரை அள்ளுற வேலை. பாடிய முழுசா தூக்குனா வலது பக்கமா லேசா சாயுது. தூக்கி நிறுத்துனா கொஞ்ச நேரத்துல தானா இறங்குது. ஈர மண்ணு பாதி பாடிலயே ஒட்டிக்கிது. டிரைவர் அண்ணன் அனுபவசாலி, டிப்பர்னா இப்டித்தான் இருக்கும், பனங்கட்டை முட்டு குடுத்து கிரீஸ் அடிச்சுக்கலாம்ங்கிறார். ஓட்டலாமா, எதை மொதல்ல பாக்கணும்?"

தம்பி, மொதல்ல அந்தப் பனங்கட்டைய வண்டிலேர்ந்து எடுத்து அடுப்புக்குக் குடுத்துருங்க. தானா இறங்குற பாடிக்குக் கீழ தலைய விடுறதுதான் நீங்க எழுதுனதுலயே பெரிய ஆபத்து, சாயுறதெல்லாம் அதுக்கப்பறம். காலி பாடியே ஒரு டன்னுக்கு மேல எடை, கட்டை நேரா நிக்கிற வரைக்கும் தாங்கும், வண்டி அரை இஞ்ச் நகந்தா கட்டை வழுக்கும், வழுக்குனா வெளிய வர நேரம் கிடைக்காது. ஒவ்வொரு டிப்பர்லயும் சேஸிஸோட சேர்ந்து ஒரு இரும்பு முட்டு இருக்கணும், பாடிய தூக்கி அதை நிமித்தி வச்சு பாடிய அது மேல உக்கார வைக்கிற மாதிரி. பழைய வண்டில பாதி எடத்துல அதைக் கழட்டி வித்துருப்பாங்க. உங்களதுல இல்லன்னா பாடி கட்டுற பட்டறைல அந்த வண்டி அளவுக்கு செஞ்சு போடச் சொல்லுங்க, சும்மா ஒரு பைப்பை வெட்டி வெல்டிங் வைக்கிறது வேணாம். இன்னொண்ணு, அந்த முட்டு காலி பாடிக்கு மட்டும்தான். லோடோட தூக்கி முட்டு குடுக்கக் கூடாது. ஜேசிபி பக்கெட்டால தாங்கிப் பிடிக்கிறேன்னு எவனாவது சொன்னா அவனையே உள்ள போகச் சொல்லுங்க, போக மாட்டான்.

இப்ப சாய்வுக்கு வருவோம். பாடி முழுசா மேல போனப்ப அது எதுல நிக்குதுன்னு ஒரு தடவை தள்ளி நின்னு பாருங்க. பின்னாடி ரெண்டு ஹிஞ்ச் பின் (பாடி கீல் மாதிரி மடங்குற எடம்), பாடிய மேல தள்ளுற ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, அவ்வளவுதான். ஜாக்கி மேல தள்ள மட்டும்தான் செய்யும், பக்கவாட்டுல பிடிக்காது, அதுக்கு அந்த வலுவே கிடையாது. பக்கவாட்டு பாரம் பூரா பின்னாடி ரெண்டு பின்னும் டயரும் தரையும் தாங்கணும். கணக்கு ஒண்ணு சொல்றேன். பின் டயர் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சுமார் 6 அடி. ஒரு பக்க டயர் தரையில 4 இஞ்ச் அமுங்குனா 12 அடி உயரத்துல இருக்கிற மண்ணு 8 இஞ்ச் அந்தப் பக்கமா போயிரும். ஈர மண்ணு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கிற நேரமும் அதுவும் ஒண்ணா சேர்ந்தா சேஸிஸ் முறுக்கிக்கும், முறுக்குனா இன்னும் சாயும். டிப்பர் பக்கவாட்டுல கவுறுறது பெரும்பாலும் இப்டித்தான், வேகமா ஓட்டி கவுறுறது வேற கதை.

அதனால சாய்வு வண்டியோடதா தரையோடதான்னு மொதல்ல பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு மட்டமான எடம் வேணும். உங்க பக்கத்துல ரைஸ் மில்லு நெல்லு காய வைக்கிற சிமெண்ட் களம் இருந்தா கேட்டு வாங்குங்க, இல்லன்னா எடை மேடைல கூட்டம் இல்லாத நேரம் போங்க. காலி வண்டிய நிறுத்தி, பாடி கீழ இருக்கும்போதே பின் மூலைல ரெண்டு பக்கமும் தரைலேர்ந்து பாடி அடி விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து சாக்பீஸ்ல டயர் மேலயே எழுதிருங்க. வலது பக்கம் கம்மியா வந்தா சாய்வு பாடி தூக்குறதுக்கு முந்தியே இருக்குன்னு அர்த்தம். அப்ப பாக்க வேண்டியது வலது பின் உள் டயர். வெளி டயரை எல்லாரும் தட்டிப் பாப்பாங்க, உள் டயர் காத்து கம்மியா கிடந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, வெளி டயர் பாரத்தைத் தாங்கி மறைச்சுரும், கேஜ் வச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும். காத்து சரியா இருந்தா அடுத்தது பட்டை. கமான் பட்டைல ஒரு எலை உடைஞ்சிருக்கும், சேறு மூடிக்கிட்டு இருக்கிறதால கண்ணுல படாது, தண்ணி அடிச்சுக் கழுவிட்டு பாருங்க. நடு போல்ட்டும் யு போல்ட்டும் தளர்ந்திருக்கான்னும் சேத்துப் பாத்துருங்க.

ரெண்டு பக்கமும் சமமா இருந்து, தூக்குனா மட்டும் சாஞ்சா கோளாறு ஹிஞ்ச்ல. பாடிய ஒரு அடி மட்டும் தூக்கச் சொல்லிட்டு நீங்க பக்கவாட்டுல, பாடி நீளத்தைவிட அதிகமா தள்ளி நின்னு பின்னாடி பின் அசையுதான்னு கவனிங்க. புஷ், அதாவது பின்னைச் சுத்தி இருக்கிற வளையம், தேஞ்சிருந்தா பாடி கிளம்புற அந்த நொடில 'டக்'னு ஒரு சத்தம் வரும், பின்னைச் சுத்தி செங்கப்பொடி மாதிரி துரு கசியும். செம்மண்ணுல ஓடுற வண்டில அது துருவா மண்ணான்னு குழப்பமா இருக்கும், அதனால சத்தத்தையும் சேத்து வச்சுப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு மட்டும் கிரீஸ் ஏறி இன்னொரு பக்கம் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் அடைச்சுக் கிடக்குறதுதான் இதுக்கு வழக்கமான காரணம். புஷ் மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்தே மாத்துங்க, காசு மிச்சம் பிடிக்கிற எடம் இது இல்ல. சேஸிஸ் மேல பாடிய தாங்குற சப்-ஃப்ரேம்ல விரிசல் இருக்கான்னும் அப்பவே பாத்துருங்க, பெயிண்ட் கோடா வெடிச்சிருக்கிற எடத்துலதான் இரும்பும் வெடிச்சிருக்கும்.

தானா இறங்குறதுக்கு எல்லாரும் மொதல்ல ஜாக்கி சீல் போச்சுன்னுதான் சொல்லுவாங்க, ஜாக்கிய எறக்கி பெரிய பில்லு போட்டுருவாங்க. கொஞ்சம் பொறுங்க. உங்களது முன்னாடி நிக்கிற, அடுக்கடுக்கா வெளிய வர்ற ஜாக்கின்னா சீல் போனா ஆயில் வெளியதான் வழியும், அடுக்கு மேல ஈரமா பளபளன்னு தெரியும். வெளிய சொட்டே இல்லாம பாடி இறங்குதுன்னா ஆயில் வால்வு வழியாத் திரும்பி டேங்குக்குப் போகுதுன்னு அர்த்தம், அதாவது கண்ட்ரோல் வால்வோ, ஆயிலைத் திரும்ப விடாம தடுக்கிற செக் வால்வோ சரியா மூடல, பல நேரம் உள்ள ஒரு துளி அழுக்கு மாட்டிருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தி வால்வைக் கழுவி மாட்டுனாலே சரியாகிற கேஸ் நிறைய. ஆயில் அளவு பாக்கும்போது பாடி கீழ இருக்கணும், மேல இருக்கும்போது பாத்து டாப்-அப் பண்ணா இறக்கும்போது பொங்கி வழியும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்துருச்சு, நுரைச்சு வந்தா எங்கயோ காத்து இழுக்குது. ஓஸ்ல பொடிசா ஓட்டை இருக்குன்னு சந்தேகம் வந்தா கையால தடவிப் பாக்கவே கூடாது, அட்டைய நீட்டிப் பாருங்க. அந்த ப்ரெஷர்ல ஆயில் தோலுக்குள்ள ஊசி மாதிரி ஏறிரும், வெளிய சின்ன புள்ளி மட்டும் தெரியும், மொதல்ல வலி கூட இருக்காது, ஆனா விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். அப்டி ஆச்சுன்னா மஞ்சப்பத்து போட்டு வீட்ல உக்காராம உடனே ஆப்பரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் "ஹைட்ராலிக் ஆயில் ப்ரெஷர்ல உள்ள போயிருக்கு"ன்னு தெளிவா சொல்லணும்.

பிடிஓ, அதாவது இன்ஜின் ஓட்டத்தை ஹைட்ராலிக் பம்புக்குக் குடுக்கிற இணைப்பு, அதைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். மண்ணு தட்டிட்டு பிடிஓவை எடுக்காம ரோட்டுக்கு வந்துட்டா பம்பு சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், சூடாகி பிடிச்சுக்கும், அதோட லீவர் லேசா நகந்தாலும் ஓடும்போதே பாடி கிளம்பிரும், டிரைவருக்கு கேபின்ல தெரியாது. திருச்சி–ராமேஸ்வரம் ரோட்டுல ஒரு மேம்பாலத்துக்கு அடியில போகும்போது அப்டி ஆனா என்னாகும்னு நினைச்சுப் பாருங்க. டேஷ்போர்டுல 'பாடி மேல'ன்னு எரியிற லைட்டும் பஸ்ஸரும் பிடுங்கிப் போட்டிருந்தா திரும்ப மாட்டிருங்க, செலவு கம்மிதான்.

மண்ணு ஒட்டுறது. கண்மாய்க் களிமண்ணு ஈரமா இருந்தா ஒட்டத்தான் செய்யும், அது வண்டி கோளாறு இல்ல. லோடு ஏத்துறதுக்கு முன்னாடி பாடி அடில காஞ்ச கிராவலோ கிரஷர் தூசியோ மெல்லிசா விரிச்சுக்கங்க, முன் மூலைல குமிக்க வேணாம், ராத்திரி லோடோட நிறுத்தாதீங்க. ஒட்டிக்கிச்சுன்னா டிரைவருங்க வழக்கமா பண்றது பாடி மேல இருக்கும்போதே வண்டிய முன்னாடி எடுத்து சடக்குனு பிரேக் அடிக்கிறது. இதை மட்டும் அறவே நிறுத்தணும், ஹிஞ்ச் பின் போறதுக்கும் வண்டி கவுறுறதுக்கும் அதுதான் குறுக்கு வழி. பாடிய இறக்கிட்டு ஜேசிபியை வச்சு முன்பக்கத்து மண்ணைக் கிளறிட்டு மறுபடி தூக்குங்க. தூக்குன பாடிக்குள்ள ஏறி மம்பட்டியால வெட்டி விடுறேன்னு கிளீனரை ஏத்தக் கூடாது. இன்னொரு கணக்கு, ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி. காஞ்ச மண்ணுல அது நாலரை டன்னு கிட்ட வரும், நனைஞ்சா அஞ்சைத் தாண்டும். அதே மட்டத்துக்கு நிரப்புனாலும் மழைக்கப்பறம் ஓவர்லோடு. ஆர்சி புக்குல இருக்கிற மொத்த எடையிலேர்ந்து உங்க காலி எடையைக் கழிச்சு எத்தனை யூனிட்டு வருதுன்னு பாத்து பாடி உள்பக்கம் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கங்க, ஈர மண்ணுக்கு ஒண்ணு, காஞ்சதுக்கு ஒண்ணு. 2019 திருத்தத்துக்கு அப்பறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மண்ணு கொண்டு போறதுக்கான நடைச்சீட்டு இருக்குங்கிறதால இதுலேர்ந்து தப்பிக்க முடியாது.

நம்ம ஊர் சைட்டுகளுக்குன்னு தனியா சிலது இருக்கு. பழைய செட்டிநாட்டு வீடு ஒரு தெருவுல முகப்புல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல பின்கட்டோட முடியும், நீங்க லோடு எடுக்க ரிவர்ஸ்ல போறது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான். அங்க மூடுன கிணறு, பழைய செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, கல்லு போட்டு மூடுன வாய்க்கா எது வேணா மண்ணுக்கடியில இருக்கும். நல்லா கெட்டியான செம்மண்ணு மாதிரிதான் மேல தெரியும். வீட்டுக்காரங்களை, முக்கியமா வயசான ஆச்சி யாராவது இருந்தா அவங்களை, கிணறு எங்க இருந்துச்சுன்னு கேட்டு சுண்ணாம்பால வட்டம் போட்டுட்டு வண்டிய உள்ள விடுங்க. இடிச்ச கல்லு பெரிய துண்டா இருந்தா பின் கதவுல சிக்கும், அப்ப லோடு பூரா பின்னாடி வந்து நிக்கும், முன் சக்கரம் தூக்கிரும். கதவு ரெண்டு கொக்கியும் விட்டுருச்சான்னு பாத்துட்டுத்தான் பாடிய கிளப்பணும், சிக்குனா இறக்கிட்டுத்தான் எடுக்கணும், பின்னாடி நின்னு கடப்பாரையால நெம்பக் கூடாது. ரெட்டை டயருக்கு நடுவுல கல்லு மாட்டிருக்கான்னு சைட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சுத்து, அது ரோட்டுல தெறிச்சா பின்னாடி பைக்ல வர்றவன் தலைலதான் விழும்.

கண்மாய்க் கரை ஓரத்துல மண்ணு தட்டும்போது விளிம்பு வரைக்கும் ரிவர்ஸ் போக வேணாம், உள்ள தள்ளித் தட்டிட்டு ஜேசிபியால தள்ளிக்கங்க. கரைல மண்ணணை போட்டா டயரோட பாதி உயரமாவது இருக்கணும். நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்ன்னா மத்தியானம் வண்டி நிழல்ல உக்காருவாங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளீனர் சுத்திப் பாத்தே ஆகணும். ரிவர்ஸ் சொல்றதுக்கு ஒரே ஆளு, டிரைவர் பக்கம் கண்ணாடில தெரியிற எடத்துல. அவன் கண்ணாடிய விட்டு மறைஞ்சா வண்டி நிக்கணும், ஹாரன் அடிக்கிறதெல்லாம் அப்பறம்.

கரண்டுக் கம்பி. ஊருக்குள்ள கம்பி தாழ்வா தொங்கும், தூக்குன பாடி அதை ஈசியா தொடும். தொட்டுருச்சுன்னா டிரைவர் கேபின்லயே இருக்கணும், மத்தவங்க கிட்ட வரக் கூடாது, மின்னகம் 94987 94987-க்குப் போன் போட்டு லைன் ஆஃப்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது. தீப்பிடிச்சா மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சு, காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சே தள்ளிப் போகணும்.

அதே மாதிரி வண்டி சாய ஆரம்பிச்சா வெளிய குதிக்கிறதுதான் கை காலு சொல்லும், குதிச்சா வண்டி டிரைவர் மேலயே விழும். பெல்ட்டு போட்டு ஸ்டீயரிங்கைப் பிடிச்சு உள்ளயே இருக்கணும். தூக்கும்போதும் பெல்ட்டு போடணும்னு உங்க டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னா சிரிப்பார், சிரிக்கட்டும்.

காலைல பாக்குற மத்த விஷயம் தெரிஞ்சதுதான், ஏர் டேங்குல தண்ணி வடிக்கிறது, செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டர், வீல் நட்டு. நட்டுலேர்ந்து ரிம் மேல துரு கோடா இழுத்திருந்தா அது லூஸு. டயர் மாத்துனா 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி டைட் வைக்கணும். திருமயம் பக்கம் குவாரி சரிவுல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்குற பழக்கம் டிரைவருக்கு இருக்கான்னு கேட்டு, இருந்தா அதையும் நிறுத்தச் சொல்லுங்க.

டிரைவர் அண்ணன் விஷயத்துல அவரோட சண்டை போடாதீங்க. நீங்க ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு பேட்டா குடுக்கிறீங்கன்னா, பாடிய இறக்கி மறுபடி தூக்குற ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் அவர் பாக்கெட்லேர்ந்து போகுது, பிரேக் அடிச்சு மண்ணை உதறாம என்ன பண்ணுவார்? நாள் சம்பளமா மாத்திட்டு, களத்துல டேப் வச்சு அளக்குறப்ப அவரையே அளக்கச் சொல்லுங்க. வலது பின் உள் டயர்லேர்ந்து ஆரம்பிங்க, அளவு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, ஹிஞ்ச்சா பட்டையான்னு அதை வச்சுச் சொல்றேன். அது வரைக்கும் காலி பாடிய மட்டமான தரைல அளக்குறதுக்குத் தவிர தூக்க வேணாம், லோடு எடுக்க வேணாம்.