ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றதும் ஸ்டீராய்டா?

எக்கோவில் ‘இதயம் வீக்கம்’ என்று வந்திருக்கிறது. ஆட்டோஇம்யூனாக (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குவது) இருக்குமா? (அரூர்)

வயது, ஈ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்), சர்க்கரை, குடிப்பழக்கம் எதையுமே எழுதவில்லை. இதை வைத்து ஜோசியம்தான் சொல்லலாம். ரிப்போர்ட்டின் கடைசி வரியை அல்ல, முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள்.

டி.சி.எம். (இதயம் விரிந்து பலவீனமாகும் நோய்), ஈ.எஃப். 30. ஏ.என்.ஏ. (செல்லின் கருவை எதிர்க்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 1:80 பாசிட்டிவ். தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கலில் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வாங்கி ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். கால் வீக்கம் கூடிவிட்டது. (பாலக்கோடு)

கூடாமல் என்ன செய்யும்? ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். 30 ஈ.எஃப்.புக்கு முன்னது மூச்சுத்திணறல், பின்னது துடிப்புக் கோளாறு.

1:80 என்பது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே எட்டில் ஒருவருக்கு வரும். டி.சி.எம். நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இதயத் தசைப் புரதமான மயோசினுக்கும், அட்ரீனலின் வந்து ஒட்டும் பீட்டா-1 ஏற்பிக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இருப்பது உண்மை. ஏ.என்.ஏ. அவற்றைக் காட்டாது. அவை இருந்தாலும், தசையைக் கெடுத்தவையா, கெட்ட தசையிலிருந்து கசிந்த புரதத்தைப் பார்த்துப் பிறகு கிளம்பியவையா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லாது. 1995-ல் வெளியான ஆய்வில், பயாப்சியில் (தசைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி) உறுதியான 111 பேரில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து பெற்றவர்களுக்கு ஈ.எஃப். கூடுதலாக ஏறவில்லை.

ஸ்டீராய்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஜெயன்ட் செல் வகை மயோகார்டைட்டிஸ், சார்காய்டு (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் வரும் நோய்), ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) வகை, லூபஸ் (ஒரு ஆட்டோஇம்யூன் நோய்), வைரஸ் இல்லை என்று பயாப்சி காட்டிய நாட்பட்ட அழற்சி: இவற்றுக்கு உண்டு. எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் பயாப்சியும் முதலில். சார்காய்டு என்று நினைத்தது நம் ஊரில் டி.பி.யாகவும் இருக்கலாம், ஸ்டீராய்டு அதைக் கிளறிவிடும்.

இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதத்தில், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும். மாத்திரை அட்டையோடு நாளையே இதய மருத்துவரிடம் போங்கள், அளவைப் படிப்படியாக அவர் குறைப்பார். கால் வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடாதீர்கள், அதுவும் நீரைத் தேக்கும்.

ஈ.எஃப். 25-லிருந்து 55 ஆகிவிட்டது. இதய மாத்திரைகளை நிறுத்தலாமா? (ஓசூர்)

கூடாது. 2019-ல் வெளியான ஆய்வில், தேறியபின் நிறுத்தியவர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் 6 மாதத்தில் நோய் திரும்பியது.

மகளுக்கு 11 வயது, ருமாட்டிக் காய்ச்சல். திருவிழாவுக்காக ஒரு பென்சிலின் ஊசியைத் தள்ளிப் போடலாமா? (பென்னாகரம்)

தள்ளிப் போடவே கூடாது. தொண்டைக் கிருமியின் புரதமும் இதய மயோசினும் சாயலில் ஒத்தவை; ஒவ்வொரு தொண்டைப் புண்ணும் உடம்பை இதயத்தின் மேல் ஏவிவிடும். பென்சத்தீன் பென்சிலின் 21 நாளுக்கு ஒருமுறை: எடை 27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட், குறைவென்றால் 6 லட்சம். வால்வு நன்றாக இருந்தாலும் 21 வயது வரையாவது. தவறிவிட்டால் நினைவு வந்த அன்றே போடுங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் (நீர் பிரிக்கும் இதய மாத்திரை) சாப்பிடுகிறேன். தினம் 2 இளநீர் ‘குளிர்ச்சி’தானே? (ஊத்தங்கரை)

வேண்டாம். மாத்திரை, இளநீர் இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றும். மாங்காய் ஊறுகாயையும் ஒதுக்குங்கள், அது உப்பு மூட்டை. மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் உடனே காட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பின் மயோகார்டைட்டிஸ் வந்தது. மறுபடி கபடி ஆட எத்தனை நாள்? (கிருஷ்ணகிரி)

நாள் இல்லை, மாதம்: 3 முதல் 6. எக்கோ, ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), 24 மணி நேர ஹோல்டர் (தொடர் ஈ.சி.ஜி. பதிவு) மூன்றும் சரியான பிறகுதான். உடம்பு லேசாக இருக்கிறது என்று களம் இறங்காதீர்கள். ஓட்டத்தின் நடுவே துடிப்பு தறிகெட்டால் எழுப்ப முடியாது.