கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி: துண்டு வெட்டும் முன்

அம்மாவுக்கு இரண்டு வருடமாக வலியே இல்லாமல் வலது கண் கீழே, மூக்குப் பக்கமாகத் தள்ளி வருகிறது. சிடி ஸ்கேனில் கண்ணீர்ச் சுரப்பியில் உருண்டையான கட்டி, பக்கத்து எலும்பு வழவழப்பாகக் குழிந்திருக்கிறது. சின்னத் துண்டு வெட்டி பயாப்சி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற சாதுவான கட்டிக்குப் பொருந்துகின்றன. சாதுதான், ஆனால் சீண்டக்கூடாது. உறையைக் கிழித்துத் துண்டு எடுத்தால் செல்கள் சிந்தி, பல வருடம் கழித்துக்கூட மறுபடி முளைக்கலாம்; சில சமயம் புற்றாகவும் மாறலாம். அதனால் இதுதான் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, அப்புறம்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

வலி, மரத்துப்போதல், சில மாதங்களிலேயே வளர்ச்சி, எலும்பு அரிக்கப்பட்டிருப்பது என்றால் கதை வேறு. அப்போது சந்தேகம் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றின் மேல்; அது நரம்பு வழியே பரவும். அங்கே பயாப்சிதான் முதலில். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுச் சந்தேகத்துக்கும் அப்படியே.

இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் கண்குழி அறுவை நிபுணர். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் இரண்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களையே கொண்டுபோங்கள். அம்மாவின் பழைய கல்யாண வீட்டு ஃபோட்டோக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண் எப்போது நகரத் தொடங்கியது என்பது அதில் தெரிந்துவிடும்.