சோத்தை நிறுத்திட்டேன், எடை ஏன் நின்னு போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வில பாதிக்கு மேல கார்ப் (அதாவது மாவுச்சத்து), புரோட்டீன் பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், உங்க வரி அப்படியே வரலைன்னா கோச்சுக்காதீங்க.

கேள்வி: மேடம், மூணு வாரமா சோறு, பிரெட், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் அடியோட நிறுத்திட்டேன். மொத வாரத்துலயே ரெண்டரை கிலோ குறைஞ்சுது, வீட்ல எல்லாரும் அசந்துட்டாங்க. அதுக்கப்புறம் முள்ளு அசையவே மாட்டேங்குது, தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வேற. இப்படியே தொடரலாமா?

பதில்: மொத வாரம் போனதுல பெரும்பகுதி கொழுப்பு இல்லம்மா, தண்ணி. நாம சாப்பிடுற மாவுச்சத்துல ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜன்ங்கிற வடிவத்துல கல்லீரல்லயும் தசையிலயும் சேர்த்து வைக்கும், பெரியவங்களுக்கு மொத்தம் சுமார் 400, 500 கிராம் வரைக்கும் இருக்கும், அதுல ஒவ்வொரு கிராமும் கூடவே கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். கார்பை நிறுத்தினதும் சில நாள்லயே அந்த ஸ்டாக் வேகமா கரையுது, தண்ணியும் கூடவே வெளிய போயிடுது, மிஷின் ரெண்டு கிலோ கம்மியா காட்டுது. அப்புறம் ஒரு கல்யாண வீட்ல ரெண்டு நாள் சோறு சாப்பிட்டதும் அதே ரெண்டு கிலோ திரும்ப வந்து நிக்கும், உடனே "பாத்தியா, சோறுதான் குண்டாக்குது"ன்னு முடிவு கட்டிடுவாங்க. ரெண்டு தடவையும் ஆடினது பெரும்பாலும் தண்ணிதான்.

தலைவலிக்கும் இதுதான் காரணமா இருக்கலாம், தண்ணி போகும்போது உப்பும் சேர்ந்து போகும். மலச்சிக்கலுக்குக் காரணம் நார்ச்சத்து. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது தானியம், பருப்பு, பழம், காய் இதுலதான் கிடைக்கும், முட்டையிலயும் கறியிலயும் சுத்தமா கிடையாது. நீங்க சர்க்கரையையும் முழு கோதுமையையும் ஒரே பையில போட்டு வெளிய வீசிட்டீங்க, அதான் பிரச்னை.

கார்பைக் குறைச்சா எடை குறையாதான்னு கேட்டா, குறையும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா 2018ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 600 பேருக்கு மேல ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு பக்கம் கார்ப் கம்மி, இன்னொரு பக்கம் கொழுப்பு கம்மின்னு 12 மாசம் பாத்தாங்க, கடைசில ரெண்டு குரூப்புக்கும் எடை குறைஞ்சதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அதனால எதை உங்களால வருஷக்கணக்கா சாப்பிட முடியுமோ அதைப் பண்ணுங்க, தலைவலியோட ஓட்டுற டயட் எவ்வளவு நாள் தாங்கும்?

இப்போதைக்கு தட்டுல பாதி காய், கால் பங்கு புரோட்டீன், மீதி கால் பங்கு தானியம்னு வைங்க. தானியத்தை முடிஞ்ச வரைக்கும் தவிடு நீக்காததா எடுங்க. குறைக்கணும்னா மொதல்ல குறைக்க வேண்டியது சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், பிஸ்கட். சோறு கடைசி வரிசைல நிக்கட்டும். சோர்வும் தலைவலியும் அப்பவும் போகலைன்னா டாக்டரைப் பாத்துடுங்க.

கேள்வி: என் எடை 60 கிலோ. ஜிம்ல கூட இருக்கிறவர் தினமும் 150 கிராம் புரோட்டீன் வேணும்ங்கிறார், நெட்ல 50 போதும்னு போட்டிருக்கு. எது சரி?

பதில்: தம்பி, நெட்ல போட்டது குறைஞ்சபட்சக் கணக்கு. ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 0.8 கிராம், உங்களுக்கு 48 வருது. இது பற்றாக்குறை வராம இருக்கத்தான். வாரத்துல நாலு நாள் வெயிட் தூக்குறவரா இருந்தா 1.2ல இருந்து 1.6 வரைக்கும் போகலாம், அதாவது 72ல இருந்து 96 கிராம். 150ங்கிறது கிலோவுக்கு ரெண்டரை கிராம், அவ்வளவு எதுக்கு? மிச்சமான புரோட்டீனை கொழுப்பு மாதிரி சேர்த்து வைக்க உடம்புல தனி இடம் கிடையாது, அதுல இருக்கிற நைட்ரஜனை யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்பிட்டு மீதியை எரிச்சுடும், இல்ல சர்க்கரையாவோ கொழுப்பாவோ மாத்திக்கும். காசு கொடுத்து வாங்குன பவுடர் கடைசில சாதா எரிபொருள் ஆயிடுது.

இன்னொண்ணு, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, 100 கிராம் சிக்கன்னா 100 கிராம் புரோட்டீன் இல்ல. வெந்த நெஞ்சுக்கறி 100 கிராம்ல சுமார் 30, மீன்ல ரகத்தைப் பொறுத்து 20, 25, ஒரு முட்டைல 6, ஒரு டம்ளர் பால்ல 6, 7.

மொத்தக் கணக்கை விட எனக்கு முக்கியமா படுறது எந்த வேளைல சாப்பிடுறீங்கங்கிறதுதான். பெரும்பாலானவங்க காலைல வெறும் மாவுச்சத்து, மத்தியானம் சோத்தோட கொஞ்சம் குழம்பு, ராத்திரி மட்டும் வயிறு முட்ட கறின்னு ஓட்டுறாங்க, நாள் கணக்கு சரியா வந்துடும் ஆனா காலைல பதினொரு மணிக்கே கை பிஸ்கட் டப்பாவைத் தேடும். வேளைக்கு 20, 25 கிராம்னு பிரிச்சுப் பாருங்க, அதுலயும் காலைல மொதல்ல சரி பண்ணுங்க. புரோட்டீன் பசியை அதிக நேரம் தள்ளிப் போடும், அதை ஜீரணிக்கவே அதோட கலோரில 20ல இருந்து 30 சதவீதம் செலவாகும், கார்புக்கு அது 5ல இருந்து 10தான். புரோட்டீனை மொதல்ல முடிவு பண்ணிட்டு, அன்னிக்கு உடம்பு எவ்வளவு ஓடுதோ அதுக்குத் தக்க கார்பை வைங்க. ஜிம்ல காலுக்குப் பயிற்சி பண்ற நாள், அதாவது லெக் டே, அன்னிக்கு ஒரு கரண்டி அதிகம், நாள் முழுக்க சேர்ல உக்காந்திருந்தா ஒரு கரண்டி கம்மி.

கேள்வி: நாங்க சைவம். பருப்பு புரோட்டீனா, கார்பா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

பதில்: ரெண்டும்தான், அதனாலதான் சண்டை. வெந்த பருப்பு 100 கிராம் எடுத்தா சுமார் 9 கிராம் புரோட்டீன், 20 கிராம் கார்ப், அந்தக் கார்ப்ல ஏழு எட்டு கிராம் நார்ச்சத்து. அது மெதுவா ஜீரணமாகுற நல்ல கார்ப், பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கணக்குல சேர்க்கணும். பருப்பை மட்டும் நம்பி ஒரு வேளைக்கு 25 கிராம் புரோட்டீன் எடுக்கணும்னா கிட்டத்தட்ட 280 கிராம் வெந்த பருப்பு வேணும், கூடவே 50 கிராமுக்கு மேல கார்ப் வந்துடும், அப்போ பக்கத்துல இருக்கிற சோறு பாதியா குறையணும். நடக்குறது என்னன்னா சோறு மலை மாதிரி இருக்கும், மேல தண்ணியா ரெண்டு கரண்டி பருப்பு, அதைப் புரோட்டீன் சாப்பாடுன்னு சொல்லிக்கிறோம். வெந்த சோறு 100 கிராம்ல கார்ப் 28, புரோட்டீன் ரெண்டரை, மூணுதான்.

கொழுப்பு கம்மியா புரோட்டீன் வேணும்னா கொழுப்பு நீக்கின பால், தயிர், டோஃபு, மீல்மேக்கர் இதெல்லாம் கை கொடுக்கும். மீல்மேக்கர்ல காய்ஞ்ச நிலைல 100 கிராமுக்கு சுமார் 50 கிராம் புரோட்டீன், கொழுப்பு ரொம்பக் கம்மி, ஆனா ஊற வச்சா பல மடங்கு உப்பிடும்ங்கிறதால ஒரு வேளைக்கு 30 கிராம் போட்டாலே நிறையத் தெரியும். வேர்க்கடலையைப் புரோட்டீன்னு நினைச்சு கொறிக்கிறவங்க கவனிங்க, 100 கிராம்ல புரோட்டீன் 25 இருக்கு சரி, கொழுப்பு கிட்டத்தட்ட 50. நல்ல கொழுப்புதான், ஒரு கைப்பிடியோட நிறுத்திக்கணும், டிவி முன்னாடி பாக்கெட்டோட உக்காந்தா அவ்வளவுதான்.

புரோட்டீன் அமினோ அமிலங்கள்ங்கிற துண்டுகளால ஆனது, அதுல லைசின்ங்கிறது தானியத்துல கம்மி, மெத்தியோனின்ங்கிறது பருப்புல கம்மி, ஒண்ணுல இல்லாததை இன்னொண்ணு ஈடு பண்ணும். ஒரே தட்டுல ரெண்டும் இருந்தே ஆகணும்னு முன்னாடி சொல்லுவாங்க, தேவையில்ல, ஒரே நாள்ல ரெண்டும் உள்ள போனா போதும்.

கேள்வி: சிக்கன் லீன் புரோட்டீன்தானே, அப்போ ஃப்ரைடு சிக்கன் சாப்பிடலாமா?

பதில்: ஆசையை விட மாட்டீங்க போல! தோல் எடுத்த நெஞ்சுக்கறிக்குத்தான் அந்தப் பேரு, 100 கிராம்ல கொழுப்பு 10 கிராமுக்குக் கீழ இருந்தா லீன்னு ஒரு அளவுகோல் இருக்கு. மாவுல முக்கி எண்ணெய்ல போட்டதும் கார்பும் ஏறுது கொழுப்பும் ஏறுது, கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி, மத்த ரெண்டுக்கும் 4தான். எப்பவாவது சாப்பிடுங்க, லீன்னு பேரு மட்டும் வைக்காதீங்க. சாசேஜ், பேக்கன் அதுக்கும் கீழ, பதப்படுத்தின இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015லயே புற்றுநோய் வரவைக்கும் பட்டியல்ல சேர்த்துடுச்சு.

கேள்வி: ராத்திரி ஏழு மணிக்கு மேல கார்ப் சாப்பிட்டா கொழுப்பாயிடுமா?

பதில்: அந்தக் கணக்குல ஏழு மணின்னு எதுவும் இல்ல. அன்னிக்கு மொத்தம் எவ்வளவு சாப்பிட்டீங்கங்கிறதுதான் முக்கியம். ஆனா படுக்குறதுக்கு அரை மணி முன்னாடி வயிறு நிறைய சாப்பிட்டா தூக்கம் கெடும், நெஞ்செரிச்சல் வரும், அதுக்காகச் சீக்கிரம் சாப்பிடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, மாத்திரை போடுறார். ரொம்ப மெலிஞ்சுட்டார். போன டெஸ்ட்ல, கிட்னியைப் பத்திச் சொல்ற கிரியேட்டினின் கொஞ்சம் அதிகம். புரோட்டீன் பவுடர் வாங்கித் தரட்டுமா?

பதில்: அவரோட டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க. வயசானவங்களுக்கு தசை கரையும்ங்கிறதால கிலோவுக்கு 1, 1.2 கிராம்னு கூடுதலாத்தான் சொல்லுவோம், ஆனா கிட்னி பாதிச்சிருந்தா அதே புரோட்டீனை அளந்து குறைக்கச் சொல்ற நிலைமையும் வரும். அதை முடிவு பண்ண ஒரு கிரியேட்டினின் நம்பர் பத்தாது, கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற இ.ஜி.எஃப்.ஆர், யூரின்ல புரோட்டீன் போகுதா எல்லாம் பாக்கணும். காரணமில்லாம மெலியுறதையும் சாப்பாட்டுப் பிரச்னைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க, அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. நீங்களா திடீர்னு கார்பைக் குறைக்கவும் வேண்டாம், சில சுகர் மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறவங்களுக்கு சுகர் ரொம்பக் கீழ இறங்கிடும், வேர்த்துக் கொட்டும், நடுங்கும், மயக்கம் வரும்.

நீங்க இன்னிக்கே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. அதே சாப்பாடுதான், ஆனா மொதல்ல காயும், அவருக்கு டாக்டர் சொன்ன அளவு புரோட்டீனும், கால் மணி கழிச்சு சோறோ ரொட்டியோ. 2015ல சுகர் இருக்கிற 11 பேர்கிட்ட இப்படி வரிசையை மட்டும் மாத்திப் பாத்தப்போ ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்த சுகர் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருந்துது. சின்ன ஆய்வுதான், ஆனா முயற்சி பண்ண செலவு கிடையாது. வீட்ல மீட்டர் இருந்தா ஒரு நாள் பழைய மாதிரி, ஒரு நாள் இந்த மாதிரின்னு சாப்பிட்டு எழுதி வைங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.