வருமானமே இல்லை, ரிட்டர்ன் போட வேண்டுமா?

வாசகர் கேள்வி - பதில்: வருமான வரி

(பதில்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. வருமான வரித் துறையின் போர்ட்டலில் கணக்கீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்வு செய்ய வேண்டும்.)

நான் இல்லத்தரசி. சம்பளம், வாடகை எதுவும் கிடையாது. பான் கார்டு மட்டும் இருக்கிறது. ‘ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள்’ என்று போனுக்கு மெசேஜ் வருகிறது. செய்யாவிட்டால் அபராதமா?
- வாசகி, ஈரோடு

பான் இருக்கிறது என்பதற்காக யாரும் ரிட்டர்ன் போட வேண்டியதில்லை. கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்பதை ‘12 லட்சம் வரை ரிட்டர்ன் இல்லை’ என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆண்டுக்கு 5 லட்சம் சம்பாதிப்பவருக்கு வரி பூஜ்யம், ஆனால் ரிட்டர்ன் கட்டாயம்.

வருமானம் இல்லாவிட்டாலும் சட்டம் சிலரை விடுவதில்லை. ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள் (பயணம் போனது மகனாக இருந்தாலும், பணம் கட்டியது நீங்கள் என்றால் நீங்கள்தான்), டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி), டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்துக் கட்டும் வரி) சேர்த்து 25,000 ரூபாய் பிடிக்கப்பட்டவர்கள் (60 வயதைத் தொட்டவர்களுக்கு 50,000), சேமிப்புக் கணக்குகளில் ஓர் ஆண்டில் மொத்தம் 50 லட்சமோ அதற்கு மேலோ வரவு வைத்தவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் இல்லத்தரசிகள் தெரியாமல் மாட்டுகிறார்கள். வீடு விற்ற பணத்தை ‘உன் கணக்கில் கொஞ்ச நாள் கிடக்கட்டும்’ என்று கணவர் போட்டுவைத்தால் போதும். வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ பங்கோ உங்கள் பெயரில் இருந்தாலும் தாக்கல் செய்தாக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் மெசேஜைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு முன் ஒருமுறை போர்ட்டலில் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும்.

எனக்கு 57 வயது, தனியாக வசிக்கிறேன். வேறு வருமானம் இல்லை. என் சேமிப்பை டெபாசிட்டில் போட்டதற்கு 62,000 ரூபாய் வட்டி வந்தது. வங்கி 6,200 ரூபாய் பிடித்துவிட்டது. திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, கும்பகோணம்

முழுவதும் கிடைக்கும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். ஒரு வங்கியில் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, மொத்த வட்டிக்கும் 10% பிடிப்பார்கள். 60 வயதானவர்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம்.

முதலில் வேலை வங்கிக் கணக்கில். போர்ட்டலில் ‘மை பேங்க் அக்கவுன்ட்’ பகுதியில் கணக்கைச் சேர்த்து ‘வேலிடேட்’ செய்து, ரீஃபண்டுக்காக ‘நாமினேட்’ செய்யுங்கள். பான் கார்டில் ‘கே. லட்சுமி’, பாஸ்புக்கில் ‘லட்சுமி கே’ என்றிருந்தால்கூட சில சமயம் இங்கே தடைபடும். ஆதாரோடு இணைக்காத பான் என்றால் ரீஃபண்டே வராது.

பிறகு இ-ஃபைல் மெனுவில் ஐடிஆர்-1 ‘சகஜ்’ படிவம். எதற்காகத் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்கும்; ‘அதர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டி 62,000 ரூபாயை ‘இதர வருமானம்’ பகுதியில் காட்டுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியையும் தனியாகச் சேருங்கள். ‘வருமானம்தான் இல்லையே’ என்று இந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு டிடிஎஸ்ஸை மட்டும் கேட்பவர்களுக்குத்தான் ரீஃபண்ட் சிக்குகிறது. வட்டியைக் காட்டாமல் அதற்குப் பிடித்த வரியைக் கேட்க முடியாது. டிடிஎஸ் பக்கத்தில் வங்கியின் பெயரும் 6,200 ரூபாயும் தானாகவே வந்திருக்கும். வராவிட்டால் போர்ட்டலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) பார்த்து வங்கியைக் கேளுங்கள்.

சமர்ப்பித்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்ய வேண்டும். பலர் சமர்ப்பித்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். வெரிஃபை ஆகாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம்.

ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். உங்களைப் போல் கட்டாயம் இல்லாதவர்களுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை. டிசம்பரையும் விட்டால் சிக்கல்தான்: அதற்குப் பிறகு போடும் ஐடிஆர்-யு (புதுப்பித்த ரிட்டர்ன்) படிவத்தில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

இதே கேள்வியை, கணவர் கொடுத்த பணத்தை டெபாசிட்டில் போட்ட மனைவி கேட்டால் பதில் வேறு. அந்த வட்டி சட்டப்படி கணவரின் வருமானத்தில் சேர வேண்டியது. மனைவி பெயரில் ரீஃபண்ட் கேட்கக் கூடாது.

கல்லூரியில் படிக்கிறேன். வருமானம் இல்லை. பங்குச் சந்தையில் 80,000 ரூபாய் நஷ்டம். நஷ்டத்துக்கும் ரிட்டர்ன் போடணுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

கட்டாயம் இல்லை; ஆனால் போடுவது உங்களுக்கு லாபம். டெலிவரி எடுத்து விற்ற பங்குகளில் வந்த மூலதன நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னே கொண்டுபோய், வேலைக்குப் போன பிறகு வரும் பங்கு லாபத்தில் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. இதற்கு டிசம்பர் சலுகை கிடையாது. கெடு தேதிக்குள் போட்டால்தான் நஷ்டம் முன்னே போகும். படிவம் ஐடிஆர்-2. புரோக்கர் தரும் டாக்ஸ் பி அண்ட் எல் (லாப நஷ்ட) அறிக்கையை வைத்து நிரப்பிவிட்டு, கடைசியில் முன்னே கொண்டுபோகும் நஷ்டத்தைக் காட்டும் சிஎஃப்எல் அட்டவணையில் நஷ்டத் தொகை நிற்கிறதா என்று பாருங்கள். அன்றே வாங்கி அன்றே விற்றிருந்தால் அது ஸ்பெகுலேஷன் வியாபாரம்: ஐடிஆர்-3, 4 ஆண்டுகள்தான்.

லோனுக்காக 3 வருட ரிட்டர்ன் கேட்கிறார்கள். ‘தையல் வருமானம் 4.8 லட்சம் என்று காட்டிவிடலாம், வரியும் வராது’ என்கிறார் ஏஜென்ட். போடலாமா?
- வாசகி, திருப்பூர்

வேண்டாம். ரிட்டர்னின் கடைசியில் இருப்பது உங்கள் உறுதிமொழி. அது பொய்யென்றால் வழக்குத் தொடர சட்டத்தில் இடமுண்டு. சிக்கினால் ஏஜென்ட் பெயர் அதில் இருக்காது. வங்கியும் ரிட்டர்னோடு கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்கும், 4.8 லட்சம் வந்த தடமே அதில் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். உண்மையிலேயே தைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால், பணத்தை வங்கி வழியாக வாங்கி, உள்ளதை உள்ளபடி சிறு தொழில் செய்பவர்களுக்கான ஐடிஆர்-4-ல் காட்டுங்கள். பூஜ்ய ரிட்டர்னை வைத்துக் கடன் கிடைப்பது அரிது; வருமானம் உள்ள ஒருவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதே வழி.

நண்பரும் நானும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம். ஒரு பில்கூடப் போடவில்லை. அதற்குமா ரிட்டர்ன்?
- வாசகர், மதுரை

ஆமாம். தனிநபருக்குள்ள வருமான வரம்பு கம்பெனிக்குக் கிடையாது. ஒரு பில் இல்லாவிட்டாலும் ஆடிட் செய்து, அக்டோபர் 31-க்குள் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஐடிஆர்-6 போட வேண்டும். அதைவிடப் பணத்தை விழுங்குவது கம்பெனி பதிவாளருக்குச் செய்யும் தாக்கல்: ஏஓசி-4 (நிதிநிலை அறிக்கை), எம்ஜிடி-7ஏ (ஆண்டறிக்கை) ஒவ்வொன்றுக்கும் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் 100 ரூபாய். இயக்குநர் ஆகிவிட்டதால் உங்கள் சொந்த ரிட்டர்னுக்கும் இனி ஐடிஆர்-1 ஒத்துவராது. தொழில் தொடங்கும் எண்ணமே இல்லையென்றால், நிலுவையில் உள்ளதைத் தாக்கல் செய்துவிட்டு எஸ்டிகே-2 படிவத்தில் பெயர் நீக்கக் கேளுங்கள். கட்டணம் 10,000 ரூபாய்.