முந்திரி பிஸ்கட் அப்பளம் போலப் பரவுகிறதா?

100 கிராம் மைதாவுக்கு 80 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பிஸ்கட் பரவியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். வெண்ணெய், விரலால் அழுத்தினால் குழியும் பதத்தில் இருந்தால் போதும். 60 கிராமே தாராளம். முந்திரியை மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் அரைத்தால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும், மாவும் இளகும் (நானே ஒருமுறை அப்படிச் செய்து, கடைசியில் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன்). கூடவே ஒரு ஸ்பூன் மைதா போட்டு அரைத்தால் ஒட்டாது.

உருட்டியதும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம், முன்பே சூடேற்றிய அவனில் 170 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். நடுவில் மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் சரியாகிவிடும்.